அம்மாவின் டிரிப்பில் ஓடுவதும் மரத்துப் பட்டையில் பிறந்த மருந்துதான்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்யும் குடும்பம். அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, ‘சிவப்பு மருந்து’ நாலு முறை ஏற்றினார்கள். இப்போது வாராவாரம் பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து டிரிப். பன்னிரண்டில் ஐந்து முடிந்திருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. டிரிப் ஏற்றிய மறுநாள் 300-ஐத் தாண்டிவிடுகிறது. பெரியப்பா மகன் ‘நானோ குர்குமின்’ கேப்ஸ்யூல் ஒரு டப்பா வாங்கி வந்தார். “கீமோ கெமிக்கல், இது மூலிகை. கீமோவோட சக்தியைப் பல மடங்கு கூட்டும், எலிகிட்ட நிரூபிச்சுட்டாங்க” என்று ஒரு செய்தித் துணுக்கையும் காட்டினார். பத்து நாளாகக் காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்துவருகிறேன். திட்டுவாரோ என்று பயந்து டாக்டரிடம் சொல்லவில்லை. இதற்கிடையே ஆஸ்பத்திரியில் ‘நானோ பேக்லிடாக்சல்’ என்று ஒன்று இருக்கிறது, ஸ்டீராய்டு ஊசி அவ்வளவாகத் தேவைப்படாது, ஆனால் விலை அதிகம் என்றார்கள். அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரமாக அவருக்குக் கால்விரல் மரத்துப்போகிறது, ஜாக்கெட் கொக்கி மாட்டச் சிரமப்படுகிறார். அதையும் கேப்ஸ்யூல் சரிசெய்யும் என்கிறார் அண்ணன். நாங்கள் என்ன செய்யட்டும்? சமையலில் மஞ்சள் போடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கேப்ஸ்யூலை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். வளையலை அம்மா கையில் திரும்ப மாட்டிவிடுங்கள். ரசத்துக்கும் குழம்புக்கும் போடும் மஞ்சள் வழக்கம்போல் இருக்கட்டும். கொக்கி மாட்ட முடியவில்லை என்பதை மட்டும் அடுத்த டிரிப் நாள் வரை தள்ளிப்போடாமல், நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

‘கீமோ கெமிக்கல், இது மூலிகை’ என்று உங்கள் அண்ணன் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். என் அறைக்கு வரும் குடும்பங்களில் பாதிப்பேர் இதைச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஏறும் பேக்லிடாக்சலே ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்ததுதான். 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காடுகளில், ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்பினார். மன்றோ வால் என்ற வேதியியலாளரும், மகாராஷ்டிரத்தில் பிறந்து அங்கே போய் வேலை பார்த்த மன்சுக் வாணியும் அதிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992 டிசம்பரில். பட்டை ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து முப்பது வருடம் கழித்து.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியும் இதே கதைதான். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் அதிலிருந்து வந்தவை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் இன்றும் அன்றாட மருந்து. (யாராவது அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சத்து நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கக்கூடியது. அளவு தெரியாமல் குடித்தால் விஷம்.) ஈடோபோசைடும் இரினோடெக்கானும்கூடச் செடியும் மரமும் தந்த பொருள்களை வேதியியலில் மாற்றிச் செய்தவை. ஆகவே, அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு தாவரப் பொருளால்தான் சிகிச்சை நடக்கிறது. ஒரு சொட்டில் எவ்வளவு இருக்கிறது, ஏற்றியபின் ரத்தத்தில் எவ்வளவு நிற்கும், எந்த உறுப்பைத் தொடும் என்று முப்பது வருடம் அளந்து பார்த்த தாவரப் பொருள் அது.

அந்த முப்பது வருடம் இழுத்ததற்கு ஒரு முக்கியமான சிக்கல் உண்டு. பேக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. கரையாததை ரத்தக்குழாயில் ஏற்ற முடியாது. கடைசியில் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தையும் சாராயச் சத்தையும் கலந்து அதில் கரைத்தார்கள். அந்த ஆமணக்கு எண்ணெய்த் திரவம் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சுத் திணறியது, ரத்த அழுத்தம் விழுந்தது, தொடக்க கால ஆய்வுகளில் உயிர்களும் போயின. ஆராய்ச்சியே நின்றுவிடும் நிலை வந்து, மெதுவாக ஏற்றுவது, முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போடுவது என்று ஏற்பாடு செய்தபிறகுதான் மேலே நகர்ந்தது.

அடுத்த முறை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று ஊசிகளை டியூபில் போடுவார்கள். அலர்ஜி ஊசி போனதும் அம்மாவுக்குக் கண் சொருகும். அரைமணி நேரம் கழித்துத்தான் பேக்லிடாக்சலைத் தொடங்குவார்கள். அதை மற்ற மருந்துபோல் சாதாரண பிளாஸ்டிக் பையில் தொங்கவிட மாட்டார்கள், கண்ணாடி பாட்டிலாகவோ வேறு வகைப் பையாகவோ இருக்கும். டியூபும் தனி. நடுவில் சின்னதாக ஒரு வடிகட்டி இருக்கும். ஆமணக்குத் திரவம் சாதாரண பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாத பொருளைக் கரைத்து இழுத்துவிடும் என்பதால்தான் பையும் டியூபும் வேறு. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நர்ஸ் பக்கத்திலேயே நிற்பது, அந்தத் திரவம் ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே கவனிக்கத்தான். மறுநாள் ஷுகர் 300-ஐத் தாண்டுகிறதே, அதுவும் இந்தத் திரவத்துக்காகப் போடும் ஸ்டீராய்டின் வேலைதான்.

நானோ என்ற பேச்சு வருவது இங்கே. ஆமணக்குத் திரவமே இல்லாமல் பேக்லிடாக்சலை ஏற்ற வழி தேடியவர்கள், நம் ரத்தத்தில் இயல்பாக ஓடும் அல்புமின் என்ற புரதத்தை அதோடு சேர்த்து நுண்துகளாக்கினார்கள். ஒரு துகள் சுமார் 130 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவை அறுநூறு எழுநூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு. 2005 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன ‘நானோ பேக்லிடாக்சல்’ பெரும்பாலும் இதுதான். அரைமணி நேரத்தில் ஏறிவிடும், ஸ்டீராய்டு முன் ஊசி கட்டாயமில்லை. அவர்கள் சொன்னது பொய்யில்லை.

பிறகு ஏன் வளையலை அடகு வைக்காதீர்கள் என்கிறேன்? இந்த மருந்து பெயர் வாங்கியது உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில். 454 பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய பேக்லிடாக்சலில் 19 சதவீதம் பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, அல்புமின் துகளில் 33 சதவீதம் பேருக்கு. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஆய்வில் பழைய மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். உங்கள் அம்மாவுக்கு வாராவாரம் ஏற்றுகிறார்கள். வாராவார முறை அதைவிட நல்ல பலன் தருவது என்று பின்னால் தெரியவந்தது. வாராவார பேக்லிடாக்சலையும் வாராவார அல்புமின் துகளையும், மூன்றாவதாக இன்னொரு மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்தி, நோய் பரவிய சுமார் 800 பேரிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் வெளியான முடிவில் நானோ மருந்து முந்தவில்லை, பக்கவிளைவுதான் கூடுதலாக இருந்தது. உங்கள் அம்மாவின் நிலை அதிலிருந்தும் வேறு. கட்டியை எடுத்தாகிவிட்டது, திரும்ப வராமலிருக்க மருந்து ஏற்றுகிறோம். அதற்கு இப்போது ஓடும் மருந்தே உலகெங்கும் கொடுப்பது. விலை குறைந்தது என்பதால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு காரணம் அம்மாவின் கால்விரல். மேலே சொன்ன 454 பேர் ஆய்வில், அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் பழைய மருந்தில் 2 சதவீதம், நானோ மருந்தில் 10 சதவீதம். சர்க்கரை உள்ளவர், ஐந்தாவது டிரிப்பிலேயே விரல் மரத்துப்போனவர். அவருக்கு வளையலை விற்று இதை வாங்கிக் கொடுப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்குப் பேக்லிடாக்சல் ஏற்றும்போது கடுமையான அலர்ஜி வந்து, வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னால் பேச்சு வேறு. அப்போது அது தேவை. ஷுகருக்காக மட்டும் என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. முதல் இரண்டு டிரிப்பும் அலர்ஜி இல்லாமல் போனவர்களுக்கு ஸ்டீராய்டு அளவைப் படிப்படியாகக் குறைப்பதைப் பல மையங்களில் செய்கிறோம். டிரிப் நாளுக்கும் மறுநாளுக்கும் மட்டும் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ மாற்றித் தரவும் முடியும். “ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி உங்கள் அண்ணன் கொண்டுவந்த டப்பா.

மஞ்சள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூறு கிராம் மஞ்சள்தூளில் குர்குமின் என்ற சத்து சுமார் 3 கிராம் இருக்கும். ரசத்தில் விழும் அரை டீஸ்பூனில் 30, 40 மில்லிகிராம். பெரும்பாலான கேப்ஸ்யூல்களில் 500 மில்லிகிராம். அதாவது ஒரு கேப்ஸ்யூல் கிட்டத்தட்ட 15 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். இதனால்தான் சமையல் மஞ்சளையும் கேப்ஸ்யூலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்கிறேன். முதலாவது உணவு. இரண்டாவது மருந்தின் அளவில் இருக்கிறது, ஆனால் மருந்துக்குரிய பரிசோதனையைக் கடந்து வரவில்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் உணவுப் பொருளுக்கான உரிம எண்தான் இருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் குர்குமின் அபாரமானது. தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்லின் மீது ஊற்றினால் பல வழிகளில் அதை மடக்குகிறது. உடம்புக்குள் கதை வேறு. பேக்லிடாக்சலுக்கு இருந்த அதே வியாதி இதற்கும், தண்ணீரில் கரையாது. கூடவே இன்னொன்று. குடலைத் தாண்டும் கொஞ்சத்தையும் குடல் சுவரும் ஈரலும் பிடித்து, வேறு பொருளாக மாற்றி, வெளியே தள்ளிவிடுகின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கணையப் புற்றுநோயாளிகளுக்கு தினம் 8 கிராம், அதாவது உங்கள் கேப்ஸ்யூல் கணக்கில் 16, கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே தென்பட்டது. பலனைக் கணக்கிட முடிந்த 21 பேரில் இருவரிடம் மட்டும் ஏதோ அசைவு தெரிந்தது. அந்த இருவரில் ஒருவருக்குக் கட்டி நன்றாகவே சுருங்கியது, ஆனால் நிலைக்கவில்லை. 2008-இல் வெளிவந்த ஆய்வு இது. செய்தவர்கள் மஞ்சளுக்கு எதிரிகள் இல்லை, பலன் கிடைக்கும் என்று நம்பித்தான் செய்தார்கள்.

ரத்தத்தில் ஏறவில்லை என்றதும் மிளகைச் சேர்க்கும் யோசனை வந்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் 20 மடங்கு ஏறியது. ‘2000 சதவீதம் அதிகம்’ என்று பல டப்பாக்களில் அச்சடித்திருப்பது இதுதான். ஆனால் மிளகுச் சத்து அதை எப்படிச் சாதிக்கிறது என்று டப்பாவில் எழுத மாட்டார்கள். ஈரலும் குடலும் அந்நியப் பொருளை உடைத்து வெளியேற்றும் வேலையைச் சிறிது நேரம் முடக்கித்தான் சாதிக்கிறது. அதே உடைக்கும் வேலைக்காரர்களில் ஒருவர்தான் பேக்லிடாக்சலை உடைப்பதிலும் பங்கு எடுப்பவர். அவரை முடக்கினால் குர்குமின் மட்டும் தங்காது, கீமோவும் கூடுதல் நேரம் தங்கக்கூடும். அம்மாவின் உயரம், எடை பார்த்து மில்லிகிராம் கணக்கில் கீமோ அளவு போடுகிறோம். அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாமலே மாறிவிடும். வெள்ளை அணு எதிர்பாராமல் இறங்கினாலோ, விரல் சீக்கிரமாக மரத்தாலோ, ஏன் என்று தெரியாமல் விழிப்போம். உங்கள் டப்பாவில் ‘பைபரின்’ அல்லது ‘கருமிளகுச் சாறு’ என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டப்பாவில் இருக்கும் ‘நானோ’ என்ற சொல், அல்புமின் துகளில் இருக்கும் நானோ கிடையாது. அது ரத்தக்குழாயில் ஏறி ரத்தத்தோடு கட்டிக்குப் போவது. இது வாய் வழியாகப் போய்க் குடலில் உடைந்து, பிறகு ஈரலைத் தாண்ட வேண்டியது. துகளாக்கினால் உறிஞ்சுவது கூடும் என்பது உண்மை. ஆனால் ‘ரத்தத்தில் இத்தனை மடங்கு’ என்று காட்டும் எண்களில் பல, ஈரல் மாற்றிப்போட்ட குர்குமினையும் சேர்த்து எண்ணியவை. வேலை செய்யும் குர்குமின் அதில் சிறு பங்கு.

அப்படியானால் செய்தித் துணுக்கில் வந்த எலி ஆராய்ச்சி பொய்யா? இல்லை. அந்த ஆராய்ச்சியின் மேல் எனக்கு உண்மையான ஆவல் உண்டு. கீமோ தொடர்ந்து ஏறும்போது சில புற்றுச் செல்கள் தங்கள் சுவரில் பம்பு செட்டு மாதிரி ஒன்றை வைத்துக்கொள்கின்றன. உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும். குர்குமின் அந்த இறைப்பைத் தடுக்கக்கூடியது. ஆகவே ஒரே நானோ துகளுக்குள் பேக்லிடாக்சலையும் குர்குமினையும் சேர்த்து அடைத்து அனுப்பினால், ஒன்று கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொன்று உள்ளே வேலையை முடிக்கும் என்பது யோசனை. எலிகளில் இது நன்றாக வேலை செய்கிறது.

மனிதரிடம் வரும்போது தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. வேகமாக வளரும் கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கும், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் அந்த ஓட்டை வழியே கசிந்து கட்டிக்குள் தங்கிவிடும் என்று ஜப்பானில் மாட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் காட்டினார்கள். நானோ மருந்துத் துறையே இதன்மேல் எழுந்தது. ஆனால் 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடம்பில் ஒரு கிராம் கட்டி என்றால், 60 கிலோ மனிதருக்கு 3 கிலோ கட்டி. அப்படி இருப்பது மிக அரிது. எலியின் கட்டி இரண்டு மூன்று வாரத்தில் ஊதி வளர்ந்தது, அதன் குழாய்கள் ஒழுகும். மனிதரின் கட்டி வருடக்கணக்கில் வளர்ந்தது. எலியிலேயே எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று, பத்து ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி டொராண்டோவில் 2016-இல் கணக்குப் போட்டார்கள். ஏற்றிய துகளில் கட்டியை அடைந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். நூறு துகளில் ஒன்றுகூட இல்லை. மற்றவற்றில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

மனிதரிடம் நம்பிக்கை தரும் ஒரு முடிவும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஆர்மீனியாவில் நோய் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகள் 150 பேரிடம், வாராவார பேக்லிடாக்சலோடு குர்குமினை ரத்தக்குழாய் வழியாக ஏற்றிப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். குர்குமின் பெற்றவர்களில் கட்டி சுருங்கியவர்கள் அதிகம். ஆயுள் கூடியது என்று காட்ட முடியவில்லை. ஒரே ஆய்வு, சிறியது, கண்காணிப்பும் குறுகிய காலம். அடுத்தடுத்த ஆய்வுகளில் இது நிலைத்தால் முதலில் மகிழ்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அங்கே கொடுத்தது டிரிப், கொடுத்தவர்கள் புற்றுநோய் மருத்துவர்கள், அளவு தெரிந்த மருந்து. பெட்டிக்குள் வரும் கேப்ஸ்யூலுக்கு அது சான்றாகாது. எதிர்ப்பக்கமும் ஓர் ஆய்வு இருக்கிறது. மார்பகப் புற்று உள்ள எலிகளுக்கு உணவில் குர்குமின் கொடுத்தபோது, சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து கட்டியைச் சுருக்கும் வேகம் குறைந்தது என்று 2002-இல் காட்டினார்கள். அம்மாவுக்குச் சிவப்பு மருந்தோடு சேர்த்துப் பெரும்பாலும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள். எலி சொன்னதை நம்புவதென்றால் இந்த எலியையும் நம்ப வேண்டியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாராவது ‘அப்படியானால் மஞ்சள் டிரிப்பே ஏற்றுகிறோம், வாருங்கள்’ என்று அழைத்தால் போகாதீர்கள். 2017-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 30 வயதுப் பெண் ஒருவர் தோல் அரிப்புக்கு மஞ்சள் டிரிப் ஏற்றிக்கொண்டு, இதயம் நின்றுபோய் இறந்தார். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்தைப் பரிசோதித்தபோது, லேபிளில் போட்டதில் சுமார் 2 சதவீத குர்குமின்தான் இருந்தது. அதைக் கரைக்கப் பயன்படுத்திய ஆமணக்கு எண்ணெய்த் திரவம் மருந்துக்குரிய தரத்தில் இல்லை, நச்சுப் பொருள் கலந்திருந்தது.

ஈரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மருந்துகளால் ஈரல் கெட்டவர்களைத் தொடர்ந்து பதிவுசெய்யும் மருத்துவர்கள், 2004-க்கும் 2022-க்கும் இடையில் மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்டவர்கள் என்று 10 பேரை அடையாளம் கண்டார்கள். ஒருவர் இறந்துபோனார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. கீமோவில் இருப்பவருக்கு இது இரட்டை நஷ்டம். என் நோயாளி ஒருவர், உங்கள் அம்மா வயதுதான், ஏழாவது வாரம் வந்தபோது ஈரல் பரிசோதனை எண்கள் எட்டு மடங்கு ஏறியிருந்தன. கண் லேசாக மஞ்சள். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குப் பார்த்தோம், இல்லை. ஸ்கேன் எடுத்தோம், ஈரலில் நோய் பரவியிருக்குமோ என்று அந்தக் குடும்பம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் மருமகள் மட்டும் தனியாக உள்ளே வந்து, துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அழுதார். நிறுத்தியதும் எண்கள் மெல்ல இறங்கின. ஆனால் கீமோ மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மருமகளை நான் திட்டவில்லை. “என்னென்ன சாப்பிடுகிறார்?” என்று முதல் நாளே நான் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் கேட்கிறேன்.

எனவே, பத்து நாள் கொடுத்துவிட்டேனே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். பத்து நாளில் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த டிரிப்புக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஈரலுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடம்பு அரித்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இப்போது அந்தக் கொக்கி. நரம்பு இழைக்குள் சத்துப் பொருள்கள் போய்வர ஒரு வகைத் தண்டவாளம் இருக்கிறது. பேக்லிடாக்சல் புற்றுச் செல்லில் இறுக்கிப் பிடிப்பதும் அதே தண்டவாளத்தைத்தான், அதனால் செல் பிரிய முடியாமல் சாகிறது. நரம்பிலும் அது இறுகும்போது, நீளமான நரம்புகளின் நுனி முதலில் பட்டினி கிடக்கிறது. அதனால்தான் கால்விரல், பிறகு கைவிரல். சர்க்கரையால் ஏற்கெனவே நலிந்த நரம்பில் இது சீக்கிரம் வரும். மரத்தால் பரவாயில்லை என்று பல அம்மாக்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். நிறுத்துவதற்கு முன் நாங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் இடைவெளி விடலாம், எரிச்சலும் வலியும் இருந்தால் அதற்கு மாத்திரை உண்டு. கொக்கி மாட்ட முடியவில்லை, சோறு பிசைய வரவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘கொஞ்சம் மரத்துப்போகுது’ என்பதைவிட இது எங்களுக்குப் பத்து மடங்கு உதவும்.

நரம்புக்கு நல்லது என்று யார் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அசிடைல் கார்னிடின் என்ற சத்து மாத்திரை நரம்பைக் காக்கும் என்று நம்பி, இதே வகைக் கீமோ ஏறிய 409 பெண்களிடம் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மரத்துப்போவது கூடுதலாக இருந்தது. வீட்டில் அம்மா வெறுங்காலோடு நடக்க வேண்டாம், மஞ்சள் காயும் களத்துப் பக்கம் போனாலும் செருப்பு இருக்கட்டும். குளிக்கும் வெந்நீரை அவர் கையால் பார்க்க விடாமல் நீங்கள் தொட்டுப் பாருங்கள். இரவில் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

அண்ணனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். தன் கைக்காசைப் போட்டு வாங்கி வந்திருக்கிறார். அடுத்த டிரிப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். டப்பாவை மூடியோடு கொண்டுபோய் டாக்டர் மேசைமேல் வையுங்கள். எத்தனை நாள், எத்தனை கொடுத்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போனால் பதற்றத்தில் மறந்துபோகும். அந்தச் சீட்டிலேயே கால்விரலையும் கொக்கியையும், ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் குரலை உயர்த்தினாலும் சொல்லி முடியுங்கள். இன்னும் ஏழு டிரிப் பாக்கி இருக்கிறது.